ஏழாவது கணினியில் பேச்சியம்மாள்

ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், தாங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒரு தலையாட்டலைத் தேடி வருகிறவர்கள். மீதிப் பாதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கூப்பிட்டார்கள். ஒருவர் கல்லூரி ஒன்றில் கணினிப் பொறுப்பாளர், ஒருவர் பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர், ஒருவர் தூத்துக்குடியில் பரிசோதனைக்கூடம் நடத்துபவர். மூவருக்கும் ஒரே கேள்விதான்: "இலவசமா ஓடிக்கிட்டு இருந்த சர்வர் சாப்ட்வேர நிறுத்திட்டாங்களே அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில நீங்க என்ன செஞ்சிய?" நிறுத்தியவர்களே மறுபடி இலவசமாக ஒன்று தருகிறார்களாம், திரும்பிப் போய்விடலாமா என்று பட்டறைக்காரர் கூடுதலாகவும் ஒன்று கேட்டார்.

என்னென்ன வழி இருக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நாங்கள் செய்தது என்ன, ஏன் செய்தோம் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு பெண்மணியின் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் படிப்பு பெரிய படிப்பில்லை. ஐ.டி.ஐ. முடித்து, டிவி பழுது பார்த்து, அந்தத் தொழில் படுத்ததும் கணினி பக்கம் வந்தவன். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். மூடி வைத்திருக்கும் பெட்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அந்த அரிப்பை மெச்சி, பாளையங்கோட்டையில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவுக்கு ஆளாக எடுத்துக்கொண்டவர் நிர்வாக அலுவலர் சங்கரநாராயணன் சார். இருபத்து மூன்று வருடம் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன்.

சார் எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடித்ததும் அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிடுவார். நீவி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. பிறகு எந்த விஷயமானாலும் ஒரே கேள்வி வரும். "சரிவே, இது நின்னு போச்சுன்னா யாரு முழிச்சுக்கிட்டு நிப்பா?" அதற்குப் பதில் சொல்ல முடியாதவன் கொண்டுபோன காகிதம் திரும்பி வந்துவிடும். சத்தம் போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே பலவீனம், மேசை மேலிருந்த தினக்காலண்டர். ராகுகாலத்தில் பேனாவுக்கு மை கூட நிரப்ப மாட்டார். கேலி செய்தால் கோபப்படவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலத்தில் ஏழு சர்வர் கணினிகள் இருந்தன. மருந்தகத்துக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று என்று ஆளுக்கொன்று. ஏழும் ஏழு வயதில் இருமிக்கொண்டு கிடந்தன. அப்போதுதான் அந்த இலவச மென்பொருள் கிடைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வளவு என்போம்: ஒரே வாசல், ஒரே கிணறு, உள்ளே ஏழு குடித்தனம், ஏழு அடுப்பு. இதுவும் அப்படித்தான். நல்ல கணினி ஒன்றை வாங்கி, அதில் இந்த மென்பொருளை ஏற்றினால், பழைய ஏழு கணினிகளும் அதற்குள் தனித்தனியாகக் குடியேறிவிடும். ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். முதல் தடவை அது ஓடுவதைப் பார்த்தபோது, பெட்டியே இல்லாமல் ஒரு கணினி எப்படி நிற்கிறது என்று அரைநாள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

பத்து வருடத்துக்கு மேல் அது ஓடியது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், அந்த நிறுவனம் கைமாறி, இலவசப் பதிப்பு இனிமேல் இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதை அச்செடுத்து சாரிடம் கொண்டுபோனேன். நின்றார், படித்தார், மடித்தார், நீவினார்.

"யாருவே முழிப்பா?"

"ஆஸ்பத்திரியே முழிக்கும் சார். ஆனா இன்னைக்கில்ல" என்றேன்.

அதுதான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. நிறுத்திவிட்டோம் என்றால் நாளைக் காலையில் கணினி அணைந்துவிடும் என்று பொருளில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்த இலவச அனுமதிச் சாவி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழி. ஆனால் திருடர்கள் நுழையும்படி மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வர மாட்டார்கள், நோயாளிகளின் விவரம் இருக்கும் இடத்தில் அது சரிப்படாது. இரண்டாவது வழி, அவர்களிடமே சந்தா கட்டுவது. முன்னைப் போல ஒருமுறை வாங்கினால் நமக்கே சொந்தம் என்கிற பேச்சே இப்போது இல்லை, வருடா வருடம் வாடகைதான். அதையும் கணினிக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. அதன் மூளையான செயலிக்குள் கணக்குப் போடும் கூறுகள், அதாவது கோர், எத்தனை என்று எண்ணிக் கேட்பார்கள். நம்மிடம் குறைவாக இருந்தாலும், குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். பெரிய ஆளுக்குப் பொருந்தும் சட்டையை நம் உடம்புக்கு மாட்டிவிடுவது போல் இருந்தது.

விண்டோஸ் சர்வர் உரிமம் ஏற்கெனவே வாங்கியிருப்பவர்களுக்கு, அதனோடு கூடவே இதே வேலையைச் செய்யும் வசதி வருகிறது. அதில் போகிறவர்கள், உள்ளே குடியிருக்கும் ஒவ்வொரு விண்டோஸுக்கும் உரிமம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். இன்டர்நெட்டில் பிறருடைய கணினியில் இடம் வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. சாலையில் பள்ளம் தோண்டினாலே கேபிள் அறுந்துபோகிற ஊரில், ரத்த வங்கியை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக, இதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள், அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். சாவியும் கிடையாது, கோர் கணக்கும் கிடையாது. உதவி வேண்டுமென்றால் மட்டும் அவர்களிடம் சந்தா. ஆனால் பழகிய கை மறுபடி பழக வேண்டும்.

அதையே தேர்ந்தெடுத்தோம். இடம்பெயர்க்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இதில்தான் அவசரப்படுகிறார்கள். முதலில் முழு நகல் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த நகலிலிருந்து கணினி உண்மையிலேயே எழுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எழாத நகல் நகலே இல்லை. பழைய இடத்தில் ஓடும்போதே புதிய இடத்துக்கான டிரைவர்களை, அதாவது கருவிகளை இயக்கும் சிறு நிரல்களை, உள்ளே ஏற்றிவிட வேண்டும். பிறகு முறையாக அணைத்து, அதன் வட்டுக் கோப்பைப் புதிய மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றி, புதிய இடத்தில் நெட்வொர்க்கைத் துண்டித்த நிலையில் முதலில் எழுப்ப வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் குழம்பிவிடும். இப்படி நிதானமாக ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று, மூன்று வாரத்தில் ஆறு கணினிகளை மாற்றினேன்.

மிச்சம் ஏழாவது. ரத்த வங்கியின் பழைய பதிவுகள் இருந்த கணினி. ஆறு வருடத்துக்கு முன்பே ரத்த வங்கி வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. பழையதை எழுதிய கம்பெனியும் மூடிவிட்டார்கள். எப்போதாவது பழைய விவரம் தேடுவதற்கு மட்டும் அது உயிரோடு இருந்தது.

"அத யாரு பாக்கா? அணைச்சிருவே. யாரும் முழிக்க மாட்டா" என்றார் சார்.

நியாயமான பேச்சு. ஆனால் எனக்குத்தான் அந்த அரிப்பு உண்டே. யாரும் பார்ப்பதில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் தவணை கேட்டேன். ரத்த வங்கியில் அந்தத் திரைக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நூல் கட்டித் தொங்கவிட்டேன். பழைய பதிவைத் திறக்கிறவர்கள் தேதி, பெயர், எதற்காக என்று எழுத வேண்டும். திங்கள், செவ்வாய், புதன், வெறும் தாள். வியாழக்கிழமை காலையில் போனால் ஒரே ஒரு வரி: "பேச்சியம்மாள், சாத்தான்குளம். பழைய பதிவு இருக்கிறது. உடனே என்னை வந்து பார்க்கவும். பர்வீன்."

டாக்டர் பர்வீன் ரத்த வங்கியின் தலைவர். மேலப்பாளையத்துக்காரர். அவசரம் என்றால் குரல் இன்னும் மெதுவாகிவிடும். அன்றைக்கு அவர் பேசியது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கர்ப்பப்பையில் கட்டி, விடாத ரத்தப்போக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன், இரண்டு பை ரத்தம் தேவை. சோதித்துப் பார்த்ததில் எந்தச் சிக்கலும் இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன் இரண்டாவது பிரசவம் இங்கேதான் என்று அவர் சொன்னதால், டாக்டர் பழைய கணினியைத் திறந்து பார்த்திருக்கிறார். அதில் அவர் பெயர், கணவர் பெயர், ஊர், எல்லாம் சரியாக இருந்தது. கீழே, "எதிர்ப்பொருள் உள்ளது" என்றும், அது எந்தக் காரணிக்கு எதிரானது என்றும் இருந்தது.

அது என்னவென்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரசவத்திலோ முன்பு ஏற்றிய ரத்தத்திலோ வேற்று ரத்தத்தைப் பார்த்த உடம்பு, அதில் உள்ள ஏதோ ஒரு காரணியை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அதற்கு எதிராக ஒரு பொருளைச் செய்து வைக்கும். சில வகை, வருடங்கள் போகப் போகச் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் உடம்பு மறப்பதில்லை. அந்தக் காரணி உள்ள ரத்தத்தை மறுபடி ஏற்றினால், சில நாளில் ஏற்றிய ரத்தத்தையெல்லாம் உடைத்துத் தள்ளும். சிறுநீரகம் போகலாம், ஆளே போகலாம்.

"அப்படீன்னா அந்தக் காரணி இல்லாத ரத்தத்த ஏத்த வேண்டியதுதானே டாக்டர்?"

"அதக் கண்டுபிடிக்கிற சோதனை மருந்து மதுரையில இருந்து வரணும். வந்து, ஒவ்வொரு பையா பாக்கணும். ஆபரேஷன் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போயிரும். அவுங்களுக்கு இப்ப ஒவ்வொரு நாளும் ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, இசக்கி. சும்மா காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்தப் பதிவு உண்மைன்னா காத்திருக்கணும். பொய்யின்னா காத்திருக்கக் கூடாது."

"ஏன் பொய்யா இருக்கும்?"

"தேதியப் பாருங்க."

ஆகஸ்ட் இருபத்து நான்கு என்றிருந்தது. இருவரும் வார்டுக்குப் போனோம். வெளிறிய முகத்தோடு படுத்திருந்த பேச்சியம்மாள், டாக்டர் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார். "சின்னவன் ஆடிப்பெருக்குக்கு மறுநா பொறந்தாம்மா. பத்தே நாள்ல ஊருக்குப் போயிட்டோம். ஆவணி பொறக்கையில நான் வீட்ல இருந்தேன்." ஆகஸ்ட் இருபத்து நாலில் அவர் ஆஸ்பத்திரியிலேயே இல்லை. அப்புறம் யாருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள்? பதிவில் ஆஸ்பத்திரி எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்ஜியம். காகிதப் பதிவேடோ, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது.

என் இடத்துக்கு வந்து ஏழாவது கணினியைப் பிரித்தேன். பதிவுகளை மக்கள் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் திரையில் தெரியாத ஒரு வரிசை எண் உண்டு, எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கு முதல் எண். அந்த எண்படி அடுக்கினேன். தேதிகள் ஆகஸ்ட் பதினேழில் தொடங்கி, செப்டம்பர் ஐந்துவரை ஏறிக்கொண்டே போயின. பிறகு திடீரென்று மறுபடியும் ஆகஸ்ட் பதினேழு. அங்கிருந்து மறுபடி ஏற்றம். ஒரே இருபது நாள் அந்தக் கணினியில் இரண்டு தடவை வந்து போயிருந்தது.

எனக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் செய்த கூத்து அது.

ரத்த வங்கியின் அந்தப் பழைய பதிவு மென்பொருளை நிறுவ வந்த இன்ஜினியருக்கு ஆடி மாதத்தில்தான் நேரம் கிடைத்தது. சங்கரநாராயணன் சார் காலண்டரைப் பார்த்துவிட்டு, ஆடியில் புதிதாக எதையும் தொடங்கப்பிடாது என்று சொல்லிவிட்டார். இன்ஜினியருக்கோ அதற்குப் பிறகு வர முடியாது. நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னேன். கணினியின் கடிகாரத்தை இருபது நாள் முன்னால் நகர்த்தி, ஆவணி முதல் தேதியாக்கி நிறுவிவிடலாம், கணினியைப் பொறுத்தவரை ஆவணியில் தொடங்கியதாகிவிடும் என்று. சாருக்கும் திருப்தி. நிஜ ஆவணி வரும்வரை ரத்த வங்கிக்காரர்கள் அதில் பழகிக்கொள்ளட்டும், பழகிய பதிவுகளை ஆவணி முதல் தேதியன்று நான் அழித்துவிட்டு, கடிகாரத்தையும் திருத்திவிடுவேன் என்று ஏற்பாடு. கடிகாரத்தைத் திருத்தினேன். அழிக்கத்தான் மறந்துவிட்டேன்.

பேச்சியம்மாளின் பதிவு முதல் ஏற்றத்தில் இருந்தது. அதாவது, பழகுவதற்காக எழுதிய பதிவுகளுக்கு நடுவில்.

டாக்டர் அறைக்கே சாரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் சாரின் முகம் சுண்டிவிட்டது. மடிப்பதற்குக் கையில் காகிதம் இல்லாமல் வேட்டி நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

"அப்பம் இது சும்மா எழுதுனதுதானே? நாளைக்கே ஆபரேஷன் செஞ்சிரலாம்லா?" என்றார்.

"சும்மா எழுதுனதுன்னு யாரு சொன்னா சார்? பழகுன காலத்துல எழுதுனதுன்னுதான் தெரியும்" என்றார் டாக்டர்.

அதை எழுதியவரைக் கேட்பதைத் தவிர வழியில்லை. அப்போது ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தவர் ஜெயராணி அக்கா. ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். போன் போட்டு, டாக்டருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"ஏ இசக்கி, எப்படி இருக்கே? பதினாலு வருசத்துக்கு முந்தி எழுதுனதக் கேட்டா எப்படிப்பா ஞாபகம் இருக்கும்?"

"அக்கா, பழகுறதுக்கு எழுதுனதுல, நோய் இருக்குன்னு எழுதுனதெல்லாம் சும்மா கற்பனையா?"

"கற்பனைதான். பின்ன, இல்லாத சீக்க எழுதுனாத்தானே பழக முடியும்?"

சார் மூச்சை விட்டார். அக்கா விடாமல் தொடர்ந்தார். "ஆனா ஆள் பேருக்கு எழுதுவமாக்கும்? உசிரோட இருக்க மனுசங்க பேருல இல்லாத சீக்க எழுதுனா வெளங்குமா? நம்ம வாய்ல, கையில அது வரப்பிடாதுல்லா? சீக்கெல்லாம் காய்கறி பேருக்குத்தான் எழுதுனோம். போய் பாரு."

பார்த்தேன். கத்தரிக்காய், வயது முப்பது, எதிர்ப்பொருள் உள்ளது. சீனியவரைக்காய், வயது ஐம்பது, மஞ்சள் காமாலை. புடலங்காய்க்கு மலேரியா. கணவர் பெயர் முருங்கைக்காய் என்று ஒரு பூசணிக்காய் கூட இருந்தார். டாக்டர் பர்வீன் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆட்கள் பெயரில் எழுபது எண்பது பதிவுகள் இருந்தன, அத்தனையிலும் எல்லாம் நலம். ஒரே ஒரு பதிவைத் தவிர.

"அக்கா, சாத்தான்குளம் பேச்சியம்மாள்னு ஒரு பேரு. அதுல மட்டும் இருக்குன்னு போட்டிருக்கிய."

"அப்பம் அது நெசம்" என்றார் அக்கா. "நெசக் கேஸு வந்திருக்கும். நோட்டுல எழுதிட்டு, பழகுன கையோட இதுலயும் போட்டிருப்பேன். ஆள் பேருக்கு நான் பொய் எழுத மாட்டேம்பா."

ஆகஸ்ட் இருபத்து நான்கிலிருந்து இருபது நாளைக் கழித்தேன். ஆகஸ்ட் நான்கு. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அந்த வருடம் ஆகஸ்ட் நான்கா என்று சார்தான் பார்த்துச் சொன்னார், பஞ்சாங்கமே அவர் அலமாரியில் வருடவாரியாக இருந்தது. சரியாக இருந்தது. பேச்சியம்மாளுக்குச் சின்னவன் பிறந்த அதே நாள். நான் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்த இருபது நாளை அழித்திருந்தால், இவரும் கத்தரிக்காயோடு சேர்ந்து அழிந்திருப்பார். சார் சொன்னதைக் கேட்டுத் திங்கட்கிழமையே அணைத்திருந்தாலும் அதே கதிதான். எதைச் சரியென்பது, எதைத் தப்பென்பது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அன்று மாலையே மதுரையிலிருந்து பஸ்ஸில் சோதனை மருந்து கொடுத்துவிடச் சொன்னார். வெள்ளிக்கிழமை முழுக்கப் பேச்சியம்மாளின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மணிக்கொரு முறை குறித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவருடைய ரத்தத்தையே சோதித்தார்கள், அந்தக் காரணி அவரிடம் இல்லை. இருந்திருந்தால் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகியே இருக்காது, ஆகவே பதிவு பொருந்துகிறது என்றார் டாக்டர். பதினோரு பைகளைச் சோதித்ததில் இரண்டு தேறின. சனிக்கிழமை காலை ஆபரேஷன் முடிந்தது. பத்து நாள் கழித்து எடுத்த சோதனையிலும் ஏற்றிய ரத்தம் உடையாமல் அப்படியே இருந்தது. ஏழாவது கணினியையும் புதிய இடத்துக்கு மாற்றினேன். அதை அணைப்பதைப் பற்றிச் சார் அப்புறம் பேசவே இல்லை.

பேச்சியம்மாள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, டாக்டர் ஒரு அட்டை எழுதினார். எந்தக் காரணி ஆகாது, இனி எங்கே ரத்தம் ஏற்றினாலும் இதைக் காட்ட வேண்டும் என்று சிவப்பில். அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு நானே கொண்டுபோனேன். பெருமையில் கால் தரையில் பாவவில்லை. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, பழைய கணினி, அதை இன்னொரு கணினிக்குள் குடிவைத்தது, இலவசத்தை நிறுத்தியது, எத்தனை வழிகளை யோசித்து அதைக் காப்பாற்றினோம் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பதினாலு வருசமாவா இது ஒங்ககிட்ட இருந்துச்சு?"

"ஆமாம்மா. பத்திரமா வச்சிருந்தோம்."

"அன்னைக்கே இத ஒரு சீட்டுல எழுதி எங்கிட்ட தந்திருந்தா, நானே பத்திரமா வச்சிருப்பேன்லா அண்ணாச்சி?"

குரலில் குறையே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் தலைமாட்டிலிருந்த துணிப்பையை எடுத்து, அதற்குள் நூல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். ரேஷன் கார்டுக்கு அடியில் சின்னவனின் தடுப்பூசி அட்டை இருந்தது, ஒரு ஓரம் கூட மடங்காமல். அதற்கு மேலே எங்கள் அட்டையை வைத்து நூலைச் சுற்றினார்.

மாடிக்குப் போய் ஏழாவது கணினியைத் திறந்து, எதிர்ப்பொருள் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தேடினேன். காய்கறிகளைக் கழித்தால் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டு முகவரி இருந்தது. அதுவரை ஒருவருக்குக்கூட நாங்கள் எழுதியதில்லை.